முதுகெலும்பிற் பரவிய புற்றுநோயும் சிகிச்சைத் தேர்வும்

புற்றுநோய் என்னும் சொல் காதில் விழுந்த அளவிலேயே எல்லாம் முடிந்துவிட்டதெனத் துணிவார் நம்மிற் பலர். அந்நோய் தான் தோன்றிய இடத்தை விட்டு எலும்பிலும் பரவிவிட்டது என்று வைத்தியர் கூறுவாராயின், இனிச் செய்தற்கு யாதுளது எனக் கைவிட்டுவிடுவாரும் உளர். யாதாயினும் ஒன்று செய்தே தீரவேண்டுமென்று, இன்னது இன்னார்க்குத் தகும் என்பதை ஆராயாது பெரிய வைத்தியசாலைகளை நோக்கி ஓடுவாரும் உளர். இவ்விரு திறத்தாரும் மறந்துவிடுவது ஒன்று உண்டு. எலும்பிற் பரவிய நோயை அடியோடு களைதல் பெரும்பாலும் இயலாததே. ஆயினும், நோயாளி தம் கால்களால் நடத்தலும், இரவில் வலியின்றி உறங்குதலும், மலசலம் தம் வசத்தில் அடங்கி நிற்றலும் ஆகிய இவை தக்க காலத்திற் பலருக்குக் காக்கப்படக் கூடியன. எஞ்சிய காலம் சில மாதங்களாயினும் சரி, பல ஆண்டுகளாயினும் சரி, அதனை ஒருவர் எழுந்து நடமாடிக் கழிப்பதற்கும் படுக்கையிற் கிடந்து கழிப்பதற்கும் உள்ள வேறுபாட்டை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. அவ்வேறுபாடு பலமுறை ஓரிரு நாட்களில் தீர்மானமாகிவிடுகிறது. ஆதலின், முதுகெலும்பிற் புற்றுப் பரவியவர்க்குக் கதிர்ச் சிகிச்சை எப்போது தகும், சத்திர சிகிச்சை எப்போது தகும், இரண்டும் சேர்ந்து எப்போது வேண்டும் என்பதனை இக்கால வைத்திய சாஸ்திரம் எம்முறையில் ஆராய்கின்றது என்று இக்கட்டுரையில் நோக்குவோம்.

புற்று ஏன் எலும்பை நாடுகிறது என்னும் வினா பழையது. 1889-ஆம் ஆண்டில் ஸ்டீபன் பேஜெட் என்னும் ஆங்கிலச் சத்திர வைத்தியர், மார்பகப் புற்றினால் இறந்த 735 பெண்களைப் பற்றிய குறிப்புக்களைத் தொகுத்து ஆராய்ந்து, அந்நோய் உடலெங்கும் ஒரே வகையாய்ப் பரவுவதில்லை எனக் காட்டினார். புற்றணுவை விதைக்கும், அது சென்று தங்கும் உறுப்பை நிலத்துக்கும் அவர் ஒப்பிட்டார். எலும்பினுள் இருக்கும் மஜ்ஜை அவ்விதைக்கு வளமான நிலம். மார்பகம், புரோஸ்டேட் கோளம், நுரையீரல், சிறுநீரகம், தைராய்டு கோளம் ஆகிய இடங்களிற் பிறக்கும் புற்றுக்கள் எலும்பை மிகுதியும் நாடுகின்றன. எலும்புகளுள்ளும் முதுகெலும்பே பெரிதும் பற்றப்படுவது. இதற்கு ஒரு காரணத்தை 1940-ஆம் ஆண்டில் ஆஸ்கர் பாட்சன் என்னும் அமெரிக்க உடற்கூற்று ஆசிரியர் விளக்கினார். கைகால்களின் சிரைகளில் இரத்தம் பின்னோக்கி ஓடாது தடுக்கும் சிறு கதவுகள் உள்ளன. முள்ளெலும்புகளைச் சூழ்ந்த சிரைகளிலோ அவை இல்லை. ஆதலால் இருமும்போதும் முக்கும்போதும் இடுப்பின் உட்பகுதியிலுள்ள இரத்தம் எதிர்த்தோடி முள்ளெலும்புகளைச் சென்றடைய வழி உண்டாகிறது.

எலும்பு உயிரற்ற கல்லன்று என்பதையும் ஈண்டு நினைவில் வைத்தல் வேண்டும். பழைய எலும்பைக் கரைக்கும் அணுக்களும், புதிய எலும்பைக் கட்டும் அணுக்களும் அதனுள் இடைவிடாது தொழில் செய்கின்றன. சிறுநீரகப் புற்றும் தைராய்டுப் புற்றும் கரைக்கும் அணுக்களை ஏவி, கறையான் மரத்தை அரிப்பதுபோல் எலும்பை அரித்துவிடும். புரோஸ்டேட் புற்றோ பெரும்பாலும் கட்டும் அணுக்களை ஏவி, ஒழுங்கற்ற புதிய எலும்பைக் குவிக்கும். அரிக்கப்பட்ட எலும்பு முன்னதாக இடிந்து விழும் என்பது சொல்லாமலே விளங்கும்.

முள்ளெலும்பு ஒவ்வொன்றும் முன்புறத்தில் உருளை போன்ற திரண்ட பாகத்தையும், பின்புறத்தில் வளைவு போன்ற பாகத்தையும் உடையது. உடலின் பாரத்தைத் தாங்குவது முன்பாகம். இரண்டிற்கும் நடுவே மேலிருந்து கீழாக ஓடும் குழாயினுள் தண்டுவடம் இருக்கிறது. அது மூளையினின்றும் இறங்கி, வளர்ந்தவர்களிடத்தில் இடுப்பின் முதல் அல்லது இரண்டாம் முள்ளெலும்பளவில் முடிகிறது. அதன்கீழ்க் குதிரையின் வாலைப்போல் நரம்புக் கற்றை தொங்குகிறது. புற்று பெரும்பாலும் முன்பாகத்திலேயே தங்கி வளர்கின்றது. அங்கிருந்து அது இரண்டு வகையாகத் தீங்கு செய்யும். பின்னோக்கி வளர்ந்து குழாயினுட் புகுந்து தண்டுவடத்தை நெருக்குதல் ஒன்று. முன்பாகத்தை உள்ளீடற்றதாக்கி, நிற்கவும் உட்காரவும் தாங்காதபடி முதுகெலும்பின் உறுதியைக் கெடுத்தல் மற்றொன்று. இவ்விரண்டும் ஒருங்கே நிகழ்வதுண்டு. தனித்தனியே நிகழ்வதும் உண்டு. ஒன்றற்குரிய மருந்து மற்றொன்றற்கு ஆகாது. கதிர் புற்றணுவை அழிக்கும். இடிந்த தூணை நிமிர்த்தாது. திருகும் கம்பியும் தூணை நிமிர்த்தும், புற்றணுவைத் தொடா. சிகிச்சையைத் தேர்வதில் நேரும் குழப்பங்களிற் பெரும்பகுதி இவ்விரண்டையும் வேறு பிரித்து நோக்காமையால் வருவதென்றே நாம் கருதுகிறோம்.

நோயின் முதற்குறி வலி. புற்றுத் தண்டுவடத்தை நெருக்கிய நோயாளிகளிற் பத்தில் ஒன்பதின்மர்க்குக் கால் தளர்வதற்கு வாரக்கணக்கில், சிலர்க்கு மாதக்கணக்கில், முன்னரே முதுகுவலி தோன்றிவிடுகிறது. இவ்வலியிலும் இருவகை உண்டு. படுத்தால் மிகுந்து, இரவில் உறக்கத்தைக் கெடுத்து, விடியலில் எழுந்து நடமாடினாற் சற்றே தணிவது புற்று உள்ளே வளர்வதால் வருவது. எழுந்து நின்றாலும் புரண்டாலும் குத்தி, அசையாது படுத்தால் அடங்குவது எலும்பின் உறுதி குலைந்ததால் வருவது. நோயாளியிடம் பொறுமையாய் அமர்ந்து இவ்வொரு வேறுபாட்டைக் கேட்டறியும் வைத்தியர், படம் எடுப்பதற்கு முன்னரே பாதி வழியைக் கடந்துவிடுகிறார். பின்னர்க் கால்கள் கனத்தல், படியேறுகையில் முழங்கால் மடங்குதல், மார்பையோ வயிற்றையோ சுற்றிக் கச்சை கட்டியதுபோல் இறுக்கம், பாதம் மரத்தல், சிறுநீர் இறங்காமை என்பன ஒன்றன்பின் ஒன்றாக வரும். இவற்றுள் ஒன்று தோன்றினும் அது அன்றைக்கே வைத்தியசாலைக்குச் செல்லவேண்டிய அவசரமாம்.

நம் நாட்டில் முதுகுவலி என்றால் வாயு என்பர்; எண்ணெய் காய்ச்சித் தேய்ப்பர்; பிடித்துவிடுவாரை அழைத்து முதுகை மிதிக்கவும் செய்வர். சாதாரண வலிக்கு அவை இதமளிக்கலாம். முன்னர்ப் புற்றுநோய் கண்டு சிகிச்சை பெற்றவர், அது பத்தாண்டு கழிந்ததாயினும், புதிதாக முதுகுவலி என்று சொல்லுவாராயின், அவர் முதுகில் எவரும் கை வைத்து அழுத்துதல் கூடாது. மற்றொரு வழக்கமும் உண்டு. புற்றுநோய் என்பதை நோயாளிக்குச் சொல்லாது குடும்பத்தார் மறைத்துவிடுகின்றனர். அவர்கள் நோக்கம் அன்பே என்பதில் ஐயமில்லை. ஆனால் தமக்கு இந்நோய் உண்டென்றே அறியாத ஒருவர், காலில் மரமரப்புத் தோன்றினால் அதை ஏன் ஒரு பொருளாகக் கருதிச் சொல்லப்போகிறார்? நாளை பார்ப்போம், திருவிழா கழியட்டும் என்று இருந்துவிடுவார். மறைத்தலால் இழக்கப்படும் நாட்கள் இவையே.

வைத்தியசாலையில் முதலில் எடுக்கப்படுவது எம். ஆர். ஐ. என்னும் காந்தப் படம். வலிக்கும் இடத்தை மட்டுமன்றி முதுகெலும்பு முழுவதையும் படம் பிடித்தல் வேண்டும். ஏனெனில் பலர்க்கு நோய் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் இருக்கும். தண்டுவடம் நெருக்குண்டு கால்கள் தளர்ந்திருப்பின், வீக்கத்தைத் தணிக்க டெக்ஸாமெத்தஸோன் என்னும் மருந்தை வைத்தியர் உடனே தொடங்குவர். அது நாளை ஈட்டித்தரும் மருந்தேயன்றி நோயைத் தீர்ப்பதன்று. நெடுநாள் கொடுப்பின் இரத்தத்திற் சர்க்கரை ஏறுதல், வயிற்றுப்புண் முதலிய தீங்குகளும் உண்டு. புற்று இன்ன இடத்தது என்பது முன்னரே தெரியாதவிடத்து, ஊசியால் ஒரு துணுக்கு எடுத்துப் பரிசோதித்தல் இன்றியமையாதது. இந்தியாவில் இதற்கு ஒரு தனிக் காரணமும் உண்டு. முதுகெலும்பில் க்ஷயரோகமும் வரும். அதனால் கால்கள் செயலற்றுப்போதலை 1779-ஆம் ஆண்டிலேயே பெர்சிவல் பாட் என்னும் லண்டன் வைத்தியர் விவரித்தார். க்ஷயம் இரண்டு முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள தட்டையும் சேர்த்து அழிப்பது வழக்கம். புற்று பெரும்பாலும் அத்தட்டை விட்டுவிடும். எனினும் படம் ஒன்றையே நம்புதல் தகாது. மாத்திரைகளால் தீரக்கூடிய க்ஷயத்தைப் புற்றென்று கொண்டு கதிரைப் பாய்ச்சுவதினும் பெருந்தவறு யாதுளது?

நோய் புற்றே என்பது உறுதியான பின் ஆராய வேண்டியவை நான்கு. நியூயார்க்கிலுள்ள மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் நிலையத்தார் நெடுங்காலம் பயின்று, 2013-ஆம் ஆண்டில் விளக்கி வெளியிட்ட முறை இது. தண்டுவடம் எவ்வளவு நெருக்குண்டது? இப்புற்று கதிருக்கு அடங்குவதா, அடங்காததா? முதுகெலும்பு உறுதியாய் உளதா? நோயாளியின் உடல் முழுவதையும் நோக்குமிடத்து எதனைத் தாங்கும்? இந்நான்கனுள் ஒன்றன் விடை மற்றொன்றன் விடையை மறைக்க விடலாகாது என்பதே இம்முறையின் சிறப்பு.

கதிருக்கு எளிதில் அடங்குவன சில புற்றுக்கள். நிணநீர்க் கோளங்களிற் பிறக்கும் லிம்போமா, மஜ்ஜையிற் பிறக்கும் மைலோமா, விந்தகத்தின் செமினோமா என்பன அவ்வகையின. இவை தண்டுவடத்தை நன்றாக நெருக்கியிருப்பினும், முதுகெலும்பு உறுதியாய் இருக்குமாயின், கத்தி எடாமல் கதிரொன்றினாலேயே பெரும்பாலும் உருகி விலகும். மார்பகப் புற்றும் புரோஸ்டேட் புற்றும் இவற்றை அடுத்து நிற்பன. சிறுநீரகப் புற்று, மெலனோமா, சார்க்கோமா முதலியனவோ சாதாரண அளவுக் கதிரைப் பொருட்படுத்துவதில்லை. அளவை உயர்த்தலாமே எனின், அங்கேதான் இடர். தண்டுவடமும் அக்கதிரின் வழியிலேயே இருக்கிறது. அது தாங்கும் அளவுக்கு மேற் செல்லின் சிகிச்சையே கால்களை முடக்கிவிடும்.

மூன்றாவது வினாவாகிய உறுதியை முன்னாட்களில் அவரவர் கண்மதிப்பால் முடிவு செய்தனர். ஒருவர் உறுதி என்றதை மற்றொருவர் உறுதியன்று என்பார். இதனை ஒழுங்குபடுத்த, பல நாட்டு நிபுணர்கள் கூடி 2010-ஆம் ஆண்டில் ஒரு மதிப்பெண் முறையை வெளியிட்டனர். ஆறு கூறுகளை நோக்கி எண்ணிட்டுக் கூட்டுதல் அம்முறை. மொத்தம் 18. ஆறு வரையில் உறுதி. 7 முதல் 12 வரையில் ஐயத்துக்குரியது. 13-ம் அதற்கு மேலும் உறுதி குலைந்தது. ஏழோ அதற்கு மேலோ வருமாயின் சத்திர வைத்தியரைக் கலந்தே தீரவேண்டும். ஓர் உதாரணத்தால் இது விளங்கும். சிறுநீரகப் புற்றுடைய ஒருவர்க்கு இடுப்பின் முதல் முள்ளெலும்பில் நோய் எனக் கொள்வோம். அது அசையாத மார்புப் பகுதியும் அசையும் இடுப்புப் பகுதியும் சந்திக்கும் இடமாதலின் 3. நின்றால் வலி, படுத்தால் இல்லை, ஆதலின் 3. எலும்பு அரிக்கப்பட்டது, ஆதலின் 2. முதுகின் நேர்மை குலையவில்லை, ஆதலின் சுன்னம். முன்பாகம் பாதிக்குக் குறைவாகவே அமிழ்ந்தது, ஆதலின் 2. பின்புறத்து மூட்டுக்கள் ஒரு பக்கத்தில் மட்டும் பற்றப்பட்டன, ஆதலின் 1. ஆகக் கூடுதல் 11. இவர்க்குக் கதிர் மட்டும் கொடுத்து வீட்டுக்கு அனுப்புதல் ஆபத்து. இனிப் புரோஸ்டேட் புற்றுடைய வேறொருவர்க்கு மார்பின் ஆறாம் முள்ளெலும்பில் நோய். விலாவெலும்புகள் தாங்கும் இடமாதலின் 1. அவ்வப்போது அசைவோடு தொடர்பில்லாத வலி, 1. எலும்பு கெட்டிப்பட்டது, சுன்னம். நேர்மை குலையவில்லை, சுன்னம். அமிழவில்லையாயினும் முன்பாகத்திற் பாதிக்குமேல் நோய், 1. பின்புறம் நலம், சுன்னம். கூடுதல் 3. இவர்க்குத் திருகும் கம்பியும் எதற்கு?

கத்தியைப் பற்றிய வரலாறு படிப்பினை மிகுந்தது. தண்டுவடம் நெருக்குண்டதாயின் இடம் விட்டுக் கொடுப்போம் என்று, நெடுங்காலம் சத்திர வைத்தியர்கள் முதுகின் பின்புற வளைவை அறுத்தெடுத்து வந்தனர். செய்வதற்கு எளிது, ஆனால் நோய் இருப்பதோ முன்புறம். நெருக்கம் நீங்கவில்லை, முன்பாகம் நோயால் கெட்டது போதாதென்று பின்பாகமும் கத்தியால் நீங்கவே, முதுகெலும்பு முன்னிலும் தளர்ந்தது. 1980-ஆம் ஆண்டில் 29 நோயாளிகளைக் கொண்டு நடந்த ஒரு சிறு சோதனையில், இவ்வறுவையோடு கதிர் பெற்றவர்க்கும் கதிர் மட்டும் பெற்றவர்க்கும் வேறுபாடு காணப்படவில்லை. ஆகவே முதுகெலும்புப் புற்றுக்குக் கத்தி வீண் என்னும் எண்ணம் வேரூன்றிற்று. உண்மையில் வீணானது கத்தியன்று. அது சென்ற வழியே.

பின்னர், நோய் இருக்கும் பக்கத்தையே அணுகி, தண்டுவடத்தைச் சுற்றிலும் விடுவித்து, திருகும் கம்பியும் கொண்டு முதுகெலும்பை நிலைநிறுத்தும் முறை வளர்ந்தது. இதனை அமெரிக்காவில் ராய் பாட்செல் என்பாரும் அவர் கூட்டத்தாரும் சோதித்து, 2005-ஆம் ஆண்டில் லான்செட் என்னும் வைத்தியப் பத்திரிகையில் வெளியிட்டனர். 101 நோயாளிகள் திருவுளச்சீட்டு முறையில் இரண்டு கூட்டமாகப் பிரிக்கப்பட்டனர். ஐம்பதின்மர்க்கு அறுவையும் பின்னர்க் கதிரும். ஐம்பத்தொருவர்க்குக் கதிர் மட்டும். கதிரின் அளவு இருவர்க்கும் ஒன்றே: பத்து முறையில் 30 கிரே. கிரே என்பது உடல் ஏற்றுக்கொண்ட கதிரை அளக்கும் அலகு. ஆங்கில அறிஞர் ஒருவரின் பெயரால் வழங்குவது. சிகிச்சைக்குப் பின் நடக்க வல்லவராய் இருந்தவர் அறுவைக் கூட்டத்தில் நூற்றுக்கு 84 பேர். கதிர்க் கூட்டத்தில் 57 பேர். அந்நடை நிலைத்த நாட்களின் நடு அளவு முன்னவர்க்கு 122; பின்னவர்க்கு 13. நடக்க இயலாத நிலையில் வந்தவர் ஒவ்வொரு கூட்டத்திலும் பதினாறு பேர். அவர்களுள் மீண்டும் நடந்தவர் அறுவையால் நூற்றுக்கு 62 விழுக்காடு, கதிரால் 19 விழுக்காடு. வேறுபாடு இவ்வளவு தெளிவாய் இருந்தமையின், குறித்த எண்ணிக்கை நிறையுமுன்னரே சோதனை நிறுத்தப்பட்டது.

இவ்வெண்களைக் கண்டு, எல்லார்க்கும் அறுவையே என்று முடிவு கட்டுவார் அச்சோதனையின் வாயிலைப் பாராதவராவர். தண்டுவடம் ஒரே இடத்தில் நெருக்குண்டவர், மூன்று மாதமேனும் உயிர்வாழ்வர் என எதிர்பார்க்கத்தக்கவர், கால்கள் முற்றும் செயலற்று 48 மணி நேரத்திற்கு மேற்படாதவர் ஆகியோரே அதனுட் புகவிடப்பட்டனர். கதிருக்கு எளிதில் அடங்கும் லிம்போமா, மைலோமா முதலியன விலக்கப்பட்டன. இத்தகையாரைத் தேடிச் சேர்ப்பதற்கே பத்தாண்டளவு ஆயிற்று என்றால், வைத்தியசாலைக்கு வரும் நோயாளிகளில் எத்துணைச் சிறு பகுதியினர் இவர் என்பது புலனாகும். அன்றியும் அத்தொகுதியையே 2009-ஆம் ஆண்டில் மீண்டும் ஆராய்ந்தபோது, வயது 65-ஐ எட்டியவர்களிடத்தில் அறுவையின் மேம்பாடு புலப்படவில்லை. தக்கவர்க்கு அறுவை பெருநன்மை. தகாதவர்க்கு அது எஞ்சிய சில வாரங்களை வைத்தியசாலைக் கட்டிலிற் கழிக்கச் செய்யும் துன்பம்.

இனிக் கதிரைச் சிறிது நோக்குவோம். ராண்ட்கென் 1895-ஆம் ஆண்டில் எக்ஸ் கதிரைக் கண்ட பின் வெகு விரைவிலேயே அது சிகிச்சைக்குப் பயன்படலாயிற்று. இன்றைய வினா எத்தனை நாள் என்பது. தண்டுவட நெருக்கம் இல்லாது வலி மட்டும் உடையவர்க்கு, ஒரே முறையில் 8 கிரே கொடுத்தாற் போதுமா, ஆறு முறையில் 24 கிரே கொடுத்தல் வேண்டுமா என்று ஹாலந்து தேசத்தில் 1,171 நோயாளிகளைக் கொண்டு ஆராய்ந்து 1999-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். வலி தணிந்தவர் இரு கூட்டத்திலும் நூற்றுக்கு எழுபதுக்குச் சற்று மேல், வேறுபாடில்லை. ஒருமுறை பெற்றவருள் நால்வரில் ஒருவர்க்கு மறுமுறை கதிர் வேண்டியதாயிற்று; ஆறுமுறை பெற்றவருள் அத்தொகை நூற்றுக்கு 7. தொலைவான கிராமத்தினின்றும் பேருந்தில் வந்து, சத்திரத்திலோ உறவினர் வீட்டிலோ தங்கவேண்டிய ஒருவர்க்கு, ஒரே நாளில் முடியும் சிகிச்சையின் அருமையை அவ்வெண்கள் சொல்லா, நாம் சொல்லுவோம். தண்டுவடம் நெருக்குண்டு அறுவைக்குத் தகாதவர்களிடத்தும் இவ்வினா எழுந்தது. 686 நோயாளிகளைப் பற்றிய 2019-ஆம் ஆண்டு ஆராய்ச்சியில், எட்டு வாரத்திற்குப் பின் நடக்க வல்லவர் ஒருமுறை பெற்றவருள் 69.3 விழுக்காடு, ஐந்துமுறை பெற்றவருள் 72.7 விழுக்காடு. இரண்டும் ஏறக்குறைய ஒன்றே போல் தோன்றினும், ஆராய்ச்சியாளர் முன்னரே வகுத்த வரம்பை அவ்வேறுபாடு மயிரிழையில் தாண்டியதால், சமம் என்று நிறுவப்படவில்லை.

தண்டுவடத்தைத் தொடாது புற்றின்மீது மட்டும் மிகுந்த கதிரைப் பாய்ச்ச இயலுமா என்னும் ஆசையை ஸ்டீரியோடாக்டிக் கதிர்ச் சிகிச்சை பெரும்பாலும் நிறைவேற்றிற்று. பல கோணங்களினின்றும் வரும் மெல்லிய கதிர்கள் புற்றில் ஒன்றுகூட, சில மில்லிமீட்டர் அப்பால் அளவு சடுதியில் இறங்கிவிடுகிறது. கதிருக்கு அடங்காதென்ற சிறுநீரகப் புற்றும் இவ்வளவிற்கு அடங்குகிறது. ஆயினும் புற்றுக்கும் தண்டுவடத்துக்கும் இடையே சிறிதேனும் வெளி வேண்டும். ஆகவே, தண்டுவடத்தைச் சுற்றி மட்டும் புற்றை விலக்கி, முதுகெலும்பைக் கம்பியால் நிலைநிறுத்தி, மீதியைக் கதிருக்கு விட்டுவிடும் பிரிப்பறுவை என்னும் முறை தோன்றிற்று. புற்று முழுவதையும் அறுத்தெடுக்க முயன்ற பழைய பேரறுவைகளினும் இது நோயாளிக்கு இலேசானது. கத்தியும் கதிரும் பகைவரல்லர் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை. வலியைத் தணிப்பதில் இப்புதுக்கதிர் பழையதை வெல்லுமா என்பதில் மட்டும் சான்றுகள் மாறுபடுகின்றன. கனடா தேசத்தார் முன்னின்று 229 நோயாளிகளிடம் நடத்தி 2021-இல் வெளியிட்ட சோதனையில், மூன்று மாதத்தில் வலி முற்றும் நீங்கியவர் புதுமுறையில் 35 விழுக்காடு, பழையதில் 14 விழுக்காடு. 339 நோயாளிகளைக் கொண்ட அமெரிக்கச் சோதனை 2023-இல் வெளிவந்தபோது, ஒரே முறை 8 கிரேயை விடப் புதுமுறை மேலானதாகக் காணப்படவில்லை. அளவும் முறையும் இரண்டிலும் வெவ்வேறு. மிகுந்த கதிர் பெற்ற முள்ளெலும்பு பின்னர் உடைவதும் உண்டு. ஆகவே புதியது என்னும் ஒன்றையே காரணமாகக் கொண்டு மிகுந்த பொருட்செலவில் அதனை நாடுதல் அறிவுடைமையாகாது.

சிமென்ட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1984-ஆம் ஆண்டில் பிரான்சு தேசத்து ஆமியான் நகரில் கலிபேர், தெராமோன் என்னும் இரு வைத்தியர்கள், பொள்ளலான முள்ளெலும்பினுள் ஊசி வழியே ஒருவகைச் சிமென்ட்டைச் செலுத்தி உறுதியாக்கினர். தண்டுவட நெருக்கம் இன்றி, முள்ளெலும்பு அமிழ்ந்ததால் மட்டும் வலிப்பவர்க்கு இது நல்ல துணை. 134 புற்றுநோயாளிகளைப் பற்றிய 2011-ஆம் ஆண்டு ஆராய்ச்சியில், சிறு பலூனால் இடம் செய்து சிமென்ட்டு நிரப்பப் பெற்றவர்கள் ஒரு மாதத்திற்குள்ளாகவே மற்றவரினும் தெளிவாகத் தேறினர். முன்பாகத்தின் பின்சுவர் உடைந்திருப்பின், சிமென்ட்டு கசிந்து தண்டுவடத்தை நெருக்கக்கூடுமாதலின், அங்கே மிக்க எச்சரிக்கை வேண்டும்.

நான்காவது வினாவே எல்லாவற்றினும் கடினமானது. எவ்வளவு காலம் என்பதை யாவர் அறிவார்? ஜப்பானிய வைத்தியர் டோகுஹாஷி 1990-ஆம் ஆண்டில் இதற்கும் ஒரு மதிப்பெண் முறை வகுத்தார். அக்காலத்தில் அது பயன்பட்டது. அதன்பின் வந்த மருந்துகளால் நுரையீரற் புற்றிற் சில வகையும் மெலனோமாவும் உடையவர்கள் ஆண்டுக்கணக்கில் வாழ்கின்றனர். பழைய அட்டவணையோ அவர்களை மாதக்கணக்கில் நிறுத்துகிறது. ஆதலின் சத்திர வைத்தியரும் கதிர் வைத்தியரும் மட்டும் கூடித் தீர்மானித்தல் போதாது; மருந்து கொடுக்கும் புற்றுநோய் வைத்தியரும் அவ்வவையில் இருத்தல் வேண்டும். நோயாளியும் இருத்தல் வேண்டும் என்று சொல்லவும் வேண்டுமோ! மகள் மணத்தில் எழுந்து நிற்க விரும்பும் ஒருவர் அறுவையின் அபாயத்தை ஏற்பார். அதே நோயும் அதே மதிப்பெண்ணும் உடைய வேறொருவர், எனக்கு வலி அடங்கினாற் போதும், என் வீட்டுத் திண்ணையில் இருக்க விடுங்கள் என்பார். இருவர் சொல்லும் சரியே.

முறைமாற்றம் ஒன்றையும் இங்கே குறிப்போம். அறுவைக்கு உரியவர் என்று தோன்றுபவர்க்கு முந்திக்கொண்டு கதிரைத் தொடங்கிவிடுதல் தவறு. கதிர் பட்ட தோலும் தசையும் அறுவைக்குப் பின் எளிதில் ஆறா. அறுவை முடிந்தவர்க்கும், புண் ஆறும்படி இரண்டு வாரமளவு பொறுத்தே கதிர் தொடங்குவர். சத்திர வைத்தியர் இல்லாத ஊரிற் கதிர்ப்பொறி மட்டும் இருத்தலால், கையில் உள்ளதையே உடனே செய்துவிடும் நிலை பலவிடத்தும் உண்டு. தொலைபேசியில் ஒரு வார்த்தை கலந்து, படத்தை அனுப்பிக் கேட்பது இன்று அரிதன்று.

இறுதியாக, காலம் கடந்து வந்தவரைப் பற்றி. கால்கள் விளங்காமற்போய் ஒரு வாரம் ஆயிற்று, உடலெங்கும் நோய், எழுந்து நடப்பார் என்று எந்த வைத்தியரும் வாக்களிக்க இயலாது. அவர்க்கும் செய்தற்கு உண்டு. ஒரே முறை 8 கிரே கதிர், பொறியின் அடியிற் சில நிமிஷங்கள். பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம். முதல் ஓரிரு நாள் வலி சற்றே மிகுதல் மூவரில் ஒருவர்க்கு நேரும். அதனை முன்னரே சொல்லி மாத்திரை கொடுத்தனுப்புதல் வேண்டும். நான்கு வாரத்திற்குள் பலர்க்கு வலி தணியும். அதுவரையில் மார்பீன் உண்டு. படுக்கைப்புண் வாராதபடி இரண்டு மணிக்கொருமுறை அவரைப் புரட்டிவிடவும், சிறுநீர்க் குழாயைத் தூய்மையாய் வைக்கவும் வீட்டாரில் ஒருவர் தாதியிடம் கற்றுக்கொள்ளலாம். வலி மீண்டால் மறுமுறையும் கதிர் கொடுக்கலாம்.